கழட்ட வருமா என்று கேட்டவர்

விற்பனைக்கு வைத்திருக்கும் புது ஷூவுக்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்த மனுஷியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், தஞ்சாவூரில் ஒரு பெரிய சைக்கிள் கடையில், நாலு பேர் பார்க்க. கூட்டிக்கொண்டு போன பாவத்துக்கு நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மேடம், மேடம், அது டிஸ்ப்ளேக்கு வச்சது மேடம்" என்று கடைக்காரர் ஓடி வந்தார்.

"டப்பாவுல தண்ணி உள்ள போகாதுன்னு போட்டிருக்கீங்க. சரி, ஒத்துக்கறேன். மேல் வழியா உள்ள போயிடுச்சுன்னா எப்படிங்க வெளிய வரும்? அதை எங்கயும் போடலையே."

மழைக்கென்றே செய்த விலை உயர்ந்த ஷூ அது. ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் உள்ளேயே நின்றது. "பாருங்க, செம்பு மாதிரி புடிச்சு வச்சிருக்கு. எங்க ஊர்ல முழங்கால் தண்ணியில எறங்கணும். இதைப் போட்டா ஆளுக்கு ரெண்டு செம்பைத் தூக்கிக்கிட்டு நடக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஜோடியைக் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அவர் எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் டாக்டர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மனுஷனுக்கும் மாட்டுக்கும் இரண்டுக்கும் மருந்து உண்டு. அதனால்தான் பழக்கம். நான் அவரை டாக்டரம்மா என்பேன். அவர் என்னைப் பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, "மெடிக்கல்" என்பார், அவ்வளவுதான். இங்கே அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதியிருந்தால், "அச்சுல ஏறின பேரைத் திரும்பக் கழட்ட வருமா மெடிக்கல்?" என்று கேட்டிருப்பார். எதைப் பார்த்தாலும் அவருக்கு இந்த ஒரு கேள்விதான்.

மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் மாட்டைப் பார்க்க மாட்டார், முடிச்சைப் பார்ப்பார். நைலான் கயிற்றில் கடுமுடிச்சுப் போட்டிருந்தால் தொலைந்தது. ஒரே இழுப்பில் அவிழ்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். அவிழாவிட்டால் பையிலிருந்து கத்தியை எடுத்து அறுத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். மாட்டுக்காரர்களுக்கு வயிறு எரியும். ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி கட்டினா திருடன் அவுத்துட்டுப் போயிடுவான் டாக்டரம்மா."

"திருடன் என்னைக்கோ ஒருநாள் வருவான். தண்ணி வருஷா வருஷம் வருது. ராத்திரி வெள்ளம் வந்தா இந்த முடிச்ச இருட்டுல நீங்க அவுப்பீங்களா?"

ஆனால் டாக்டரம்மா போனதும் பெரியவர் மறுபடி கடுமுடிச்சே போட்டார் என்று கேள்வி.

பஸ்ஸில் டாக்டரம்மாவுக்குக் கதவுக்குப் பக்கத்து இருக்கைதான். கல்யாண மண்டபத்தில் வாசலோரப் பந்திதான். தேரோட்டத்துக்கு வந்தால் சந்து முனையில் நிற்பார். ஆழம் பார்க்காமல் காலை விடாத பொம்பளை என்று சிலர் மெச்சினார்கள். பயந்தாங்கொள்ளி என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அந்த இரண்டாவது அபிப்பிராயம்தான். தன் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் போட்டதும் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அதைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாராம், அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்களாம். இப்படி ஒரு கதை ஊரில் உலவியது. எனக்கு நாக்குச் சும்மா இருக்காது, ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மோதிரம் சின்னது. விரல் வீங்கிடும்" என்றார்.

எனக்குச் சர்க்கரை வந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் ஒரு சைக்கிள் அனுப்பினான். தடித்த டயர், வளைந்த ஹேண்டில், ஜல்லி ரோட்டில் ஓட்டுவதற்கென்றே செய்தது. டாக்டரம்மா அதற்கு முன்பே அதே மாதிரி ஒன்று வைத்திருந்தார். மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் ஜீப் போகாது, மோட்டார் பைக் வழுக்கும். சைக்கிளென்றால் ஓட்டலாம், முடியாத இடத்தில் தோளில் தூக்கலாம். காலையில் அவர் கிராமத்துக்குக் கிளம்பும்போது நானும் கூடப் போக ஆரம்பித்தேன்.

முதல் மழையிலேயே செருப்புக் கால் பெடலில் வழுக்கி, பெடலின் பல் கணைக்காலைக் கிழித்துவிட்டது. அற்பக் காயம். சர்க்கரை உடம்பில் அது ஆறுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் மனைவி சைக்கிளைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னாள். வழுக்காத ஷூ ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று நான் அவளிடம் சத்தியம் செய்யாத குறை. அந்த ஷூவைத் தேடித்தான் டாக்டரம்மாவும் நானும் தஞ்சாவூர் போனோம்.

தண்ணீர் ஊற்றும் பரீட்சையில் ஒரு ஜோடி தேறியது. பக்கவாட்டில் வலை, குதிகாலுக்குப் பக்கத்தில் சிறு துளைகள். ஊற்றியதெல்லாம் கடைக்காரரின் தரையில் ஓடியது. விரல் பக்கம் அகலம் இருந்தது, சேற்றுப்புண் வராது. அடியில் ரப்பர்க் குமிழ்கள், இறங்கி நடந்தால் ஜல்லியைப் பிடித்துக்கொள்ளும். லேஸ் கிடையாது, மேலே ஒரு சின்னத் திருகு. முறுக்கினால் இறுகும், வெளியே இழுத்தால் மொத்தமும் தளர்ந்துவிடும். களத்தில், கோயில் வாசலில், குடிசை வாசலில் என்று நாளைக்கு இருபது இடத்தில் கழற்றி மாட்டுகிற ஊருக்கு இது நல்லது என்றார் டாக்டரம்மா. அடிப்பாகத்தின் நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஓர் இரும்புத் துண்டு. அது கூடவே தருகிற பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும்.

"பூட்டா?" என்று டாக்டரம்மாவின் முகம் மாறியது. "காலை எதுக்குப் பூட்டணும்?"

"வழுக்காது மேடம். மழையில ஓட்டறவங்க இதான் வாங்கறாங்க."

"கழட்ட வருமா?"

"திருப்பினா வந்துரும் மேடம்."

"எப்பவும் வருமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பொறுமை இழந்துவிட்டேன். "டாக்டரம்மா, போடப்போறது நானு. எனக்கு வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க இப்படியே கேட்டுக்கிட்டு இருந்தா நான் வெறுங்கால்லதான் ஓட்டணும்" என்றேன். என் காலில் இருந்த தழும்பை ஒரு தடவை பார்த்தார். "வாங்குங்க. ஆனா நான் பாத்துட்டு சரின்னு சொன்ன பிறகுதான் கரையில ஏறணும்" என்றார்.

பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்கிறீர்கள். அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில், வைகாசி வெயிலில், ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் என்னைச் சுற்ற விட்டார். திடீரென்று "நிறுத்துங்க" என்பார், நான் காலைத் திருப்பி ஊன்ற வேண்டும். இடது கால், வலது கால், திரும்பும்போது, பிரேக் பிடிக்கும்போது. எதிர்பாராத நேரத்தில் பக்கத்தில் வந்து சைக்கிளைத் தள்ளியும் விட்டார். நெல் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள், "மெடிக்கல் சார் சர்க்கஸ்ல சேந்துட்டாரு" என்று சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கால் வந்தது. கடைசியில் அவரே ஷூவைக் கையில் வாங்கி, பூட்டித் திருப்பி, பூட்டித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வருது. போட்டுக்கங்க."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சர்டிபிகேட் வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் அடைமழை. விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் டாக்டரம்மா நனைந்துகொண்டே கடைக்கு வந்தார். ஆற்றங்கரைக் குடியிருப்பில் செல்வி என்று ஒரு பெண். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு கறவை மாடு. அந்த மாட்டுப் பாலில்தான் அடுப்பு எரிந்தது. காலையில் கன்று போட்ட மாடு படுத்துவிட்டது என்று போன் வந்திருந்தது. டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கழுத்த மடிச்சு வயித்துமேல வச்சுக்கிட்டுப் படுத்திருக்கு டாக்டரம்மா. காதத் தொட்டா சில்லுன்னு இருக்கு. கூப்பிட்டாத் திரும்பல." என்றாள் செல்வி.

"சாஞ்சு படுக்க விடாத. வைக்கோலை அண்டக் குடுத்து நிமித்தி வை. வந்துக்கிட்டே இருக்கேன்." போனை வைத்துவிட்டு என்னிடம், "ரத்தத்துல கால்சியம் எறங்கிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஏத்தலைன்னா போயிடும். பாட்டில் இருக்கா? என்கிட்ட தீந்துடுச்சு" என்றார்.

இருந்தது. பாலத்துக்கு மேல் தண்ணீர் போவதால் தார் ரோட்டில் வழி இல்லை, வாய்க்கால் கரைதான். பாட்டிலை உயர்த்திப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். நான் கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் பாட்டில்களை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காலில் அந்த ஷூ.

கரையில் ஜல்லி போட்ட தூரம் வரைக்கும் குறை சொல்ல முடியாது. மழை முகத்தில் அறைந்தது, வலது பக்கம் வாய்க்கால் கரை தட்டி ஓடியது, கால் பெடலை விட்டு இம்மியும் நகரவில்லை. பிறகு ஜல்லி முடிந்து களிமண் வந்தது. எங்கள் பக்கத்துக் களியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஒட்டாது, பிடித்துக்கொள்ளும். சக்கரம் சுற்றவில்லை. இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தோம். மறுபடி ஜல்லி வந்ததும் ஏறி, பெடலை ஓங்கி மிதித்தேன். 'டக்'கென்று சத்தம் வரவில்லை, 'சதக்'கென்றது. பூட்டிக்கொண்டது, போதும் என்று ஓட்டினேன். ஷூவின் குழிக்குள் களியும் ஜல்லிச் சில்லும் சேர்ந்து போய் இறுகியது எனக்குத் தெரியாது.

மதகுக்குக் கொஞ்சம் முன்னால் கரை அரித்துப் போயிருந்தது. முன்னால் போன டாக்டரம்மா இறங்கிவிட்டார். நான் பிரேக் பிடித்தேன், இடது காலைத் திருப்பினேன், வந்தது. ஆனால் சைக்கிள் சாய்ந்தது வலது பக்கம். வலது குதிகாலைத் திருப்பினேன். வரவில்லை. இன்னொரு தடவை முழு பலத்தோடு திருப்பினேன். சிமெண்டுக் களத்தில் அத்தனை நாளும் வந்த கால், அன்றைக்கு வரவில்லை. சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனேன்.

கையில் அகப்பட்டது ஒரு காட்டாமணக்குப் புதர். அதைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சைக்கிளை மதகுப் பக்கம் இழுத்தது, சைக்கிள் என் காலை இழுத்தது. தண்ணீர் மோவாய் வரைக்கும் இருந்தது. ஷூவின் திருகு என் பாதத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் நான் குனிந்து தண்ணீருக்குள் போக வேண்டும், குனிய வேண்டுமானால் ஒரு கையையாவது விட வேண்டும். காட்டாமணக்குத் தண்டு உள்ளே வெறும் கூடு. பிடித்திருந்ததில் ஒன்று கையோடு முறிந்து வந்தது. எனக்கு என் மனைவி ஞாபகம் வந்தாள். காயலான் கடை ஞாபகம் வந்தது. நான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன், அப்படியே நினைத்தேன், அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

டாக்டரம்மா கரையில் தெரிந்தார். அவர் ஓர் ஆளைத் தேடி ஓடுவார், கயிறு தேடுவார், ஆழம் என்ன என்று பார்ப்பார், இதற்குள் என் கதை முடிந்துவிடும் என்றுதான் தோன்றியது. அவர் பையைக் கழற்றி எறிந்தார். அடுத்த கணம் என் பக்கத்தில் தண்ணீருக்குள் இருந்தார். எதுவும் கேட்கவில்லை, எதையும் இழுத்துப் பார்க்கவில்லை, தன் காலில் இருந்ததைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையால் என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தலையோடு உள்ளே போனார். என் தொடையில், முழங்காலில், கணுக்காலில் அவர் விரல்கள் தடவிக்கொண்டே இறங்கின. மேலே வந்தார், இருமினார், கண் சிவந்திருந்தது. இன்னொரு கொத்துத் தண்டு முறிந்தது. மறுபடி உள்ளே போனார். பாதத்தின் மேல் ஒரு சுண்டு. இறுக்கம் மொத்தமும் விட்டது. என் கால் ஷூவிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. சைக்கிள் ஷூவோடு மதகைப் பார்த்துப் போயிற்று.

புதரைப் பிடித்துப் பிடித்துக் கரையேறினோம். அவர் முதலில் என் முதுகுப் பையைத் திறந்து பாட்டில்களைப் பார்த்தார், உடையவில்லை. பிறகு என் வெறும் காலைப் பார்த்தார். தன் துண்டைப் பிழிந்து பாதத்தைச் சுற்றிக் கட்டினார். "சர்க்கரை உள்ள கால். பாத்து வைங்க. மணி ஆகுது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "என்ன ஆச்சு டாக்டரம்மா?" என்று பதறினாள். "ஒண்ணுமில்ல, வழுக்கிடுச்சு. வெந்நீர் வை, பாட்டிலச் சூடு பண்ணணும்" என்றார். மாட்டின் கண் கண்ணாடி போல இருந்தது. கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றப் போனார். நரம்பு தப்பியது. எத்தனையோ மாட்டுக்கு ஊசி போட்டவர். கையை உதறிவிட்டு, மூச்சை இழுத்துவிட்டு மறுபடி குத்தினார். ஏறியது. நான் பாட்டிலை உயர்த்திப் பிடித்தேன். அவர் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே, "மெதுவா, இன்னும் கீழ எறக்குங்க, வேகமாப் போனா இதயம் நின்னுடும்" என்றார். செல்வியின் பெண்கள் இரண்டும் கன்றைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவது பாட்டில் பாதியில் மாட்டின் தோல் சிலிர்த்தது. ஒரு ஏப்பம் விட்டது. மடித்த கழுத்தை எடுத்து எங்களைத் திரும்பிப் பார்த்தது. சற்று நேரத்தில் பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்து நின்றது. செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நனைந்த முகத்தில் யாருக்குத் தெரியப் போகிறது.

மதகில் சிக்கியிருந்த சைக்கிளைத் தெருக்காரர்கள் தூக்கி வந்து கொட்டகை ஓரம் சாத்தினார்கள். ஷூ இன்னும் பெடலிலேயே இருந்தது. டாக்டரம்மா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். வரவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். வரவில்லை. குச்சியால் குழிக்குள் இருந்த களியைக் கிளற ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"டாக்டரம்மா, உங்களுக்கு நீச்சல் நல்லாத் தெரியுமோ?"

"தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா? ஒரு கயித்து முடிச்சையே பத்து தடவை இழுத்துப் பாக்கறவங்க. எதை நம்பி எறங்குனீங்க?"

அவர் கிளறிக்கொண்டே இருந்தார். களியோடு ஒரு ஜல்லிச் சில்லு தெறித்து விழுந்தது. ஷூ 'டக்'கென்று கையோடு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிமெண்டுல மட்டும்தான் பாத்தேன், களியில பாக்கல" என்றார். பிறகு, "வருதுன்னு சொன்னது நான்தானே மெடிக்கல்" என்றார்.